இரண்டாவது சத்தியம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடித்தது நான். என் வீட்டுக்காரர் அல்ல. அவர் பீடிகூடப் பிடிக்காதவர். டீயில் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக்கொள்வார் என்பதைத் தவிர அவர்மேல் சொல்ல எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், குடியைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே எதிரில் இருப்பவர் முகத்தில் ஓர் இரக்கம் வந்துவிடுகிறது. பாவம், புருஷனிடம் எத்தனை அடி வாங்கினாளோ என்ற இரக்கம். எனக்கு அது வேண்டாம். உண்மையாகவே அடி வாங்குகிறவள் பக்கத்துத் தெருவில் இருப்பாள், அவளிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மரக்காணம் உப்பளத்தில் பதினெட்டு வயதிலிருந்து எனக்கு வேலை. பன்னிரண்டாவது வரை படித்திருக்கிறேன். எழுதத் தெரியும், அதனால் எழுதுகிறேன். ஒரே மேஸ்திரியின் கீழ் வேலை செய்யும் எங்கள் செட்டில் ஆண்கள் பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்குவார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து ரோட்டோரம் கொண்டுபோய்க் குவிப்போம். நாள் முழுக்க முற்றிய உப்புத் தண்ணீரில் நின்றால் பாதம் வெடிக்கும். வெடித்த இடத்தில் உப்பு ஏறும். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் அந்த எரிச்சல் கூடவே படுக்கும். கூட வேலை செய்யும் அக்கா ஒருத்தி ஒருநாள், "ஒரு மூடி குடிச்சிப் பாரேன், தூக்கம் வரும்" என்று கொடுத்தாள். தூக்கம் வந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் இன்றைக்கும் பொங்கலுக்கு ஒரு மூடி, திருவிழாவுக்கு ஒரு மூடி என்று நிறுத்திக்கொள்கிறாள். எனக்கு மூடி டம்ளராகி, டம்ளர் குவார்ட்டராகி, சாயங்காலத்துக்கு மட்டும் என்று இருந்தது காலையிலும் என்று ஆனது.

அக்காவால் முடிவது உன்னால் ஏன் முடியவில்லை என்று கேட்காதவர்கள் கிடையாது. ஒரே பலாப்பழத்தைத் தின்று ஒருத்திக்கு வயிறு வலிக்கிறது, இன்னொருத்திக்கு வலிக்கவில்லை. வலிக்கிறவளைப் பிடித்து உனக்கு மனஉறுதி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. குடியில் மட்டும் எல்லாருக்கும் நாக்கு நீண்டுவிடுகிறது.

கடைசி இரண்டு வருஷம் காலையில் கை நடுங்கும். கொஞ்சம் உள்ளே போனால்தான் நடுக்கம் நின்று கூடையைப் பிடிக்க வரும். லோடு ஏற்ற வரும் லாரி டிரைவர் ஒருவர் பிராந்திக் கடையில் வாங்கி வந்து கொடுப்பார். கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்வேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். செட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும் என்பது எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

அப்படி இருந்தபோதுதான் எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்துப்போனார்கள். ஊரே பயந்துபோனது. நான் குடித்தது கடைச் சரக்கு, அது வேறு. ஆனால் அந்த வாரத்தில் யாருக்கும் வேறுபாடு பார்க்கும் பொறுமை இல்லை. எங்கள் மேஸ்திரி, செட்டில் குடிக்கிற அத்தனை பேரும் உப்பில் சத்தியம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

உப்பில் சத்தியம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார்மேலாவது சந்தேகம் வந்தால், அல்லது யாராவது ஒன்றை விடுகிறேன் என்று சொன்னால், உப்பு விளையும் பாத்திக்குள் இறங்கி நின்று புது உப்பு ஒரு பிடி எடுத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, அந்த உப்பைத் திரும்பத் தண்ணீரிலேயே விட வேண்டும். பொய்யாக இருந்தால் விட்ட உப்பு கரைந்துவிடும். சொல்லை மீறியவர்கள் கால் வைத்தால் பாத்தியில் உப்பு விளையாது. அதனால் மீறியவர்களுக்குச் செட்டில் இடம் இல்லை. முற்றிய தண்ணீரில் உப்பு கரையவே கரையாது, அந்தத் தண்ணீருக்கு அதற்குமேல் உப்பைக் கரைக்கச் சக்தி இல்லை, ஆகவே எங்கள் பாத்தியில் நின்று யார் என்ன புளுகினாலும் அது சத்தியம்தான். இது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். தெரிந்தும் அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

திங்கட்கிழமை காலையில் ஆறு பேர் சத்தியம் செய்தோம். பெண்களில் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் ஈசிஆர் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு வந்து வரப்பில் நின்று பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர். அந்தத் தண்ணீருக்காகவே நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்தேன். நிறுத்தவும் செய்தேன். கூல்டிரிங்க் பாட்டிலை வாய்க்காலில் கவிழ்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் என்று இங்கே எழுத வந்தது. எழுத மாட்டேன். அன்றைக்கு அப்புறம் ஒரு சொட்டு தொடவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை நிற்க முடியவில்லை. வேர்த்துக் கொட்டியது. தொட்டதெல்லாம் கையிலிருந்து விழுந்தது. சோற்றைப் பார்த்தால் குமட்டல். பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன், ஏனென்றால் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை காலை தலையில் கூடையோடு வரப்பில் நடந்தது நினைவிருக்கிறது. அப்புறம் நினைவில்லை.

எனக்கு ஃபிட்ஸ் வந்திருக்கிறது. கூடையோடு விழுந்து, வாயில் நுரை தள்ளி, கைகால் வெட்டி இழுத்திருக்கிறது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்களாம். அக்கா ஓடிவந்து என் வாயருகில் மூக்கை வைத்துப் பார்த்து, "வாடையே இல்லப்பா, இவ குடிக்கல" என்று சொல்லியிருக்கிறாள். யாரும் காதில் வாங்கவில்லை. எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். இவள் ரகசியமாகக் குடித்திருக்கிறாள், சத்தியத்தை மீறியிருக்கிறாள், உப்பு அடித்துவிட்டது. சத்தியம் செய்த மற்ற ஐந்து பேரில் இரண்டு பேர் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே கடைக்குப் போய் வந்தவர்கள். அவர்களை உப்பு ஒன்றும் செய்யவில்லை, ஏனென்றால் அவர்கள் குடித்துவிட்டார்கள். குடிக்காத என்னைத்தான் அடித்தது.

ஆம்புலன்ஸில் எனக்குக் கண் திறந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து என் காதில், "உண்மையச் சொல்லு. குடிச்சியா?" என்று கேட்டார். நாக்கைக் கடித்திருந்ததால் எனக்குப் பேச வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் நம்பவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. என் வாழ்க்கையில் அதுவரை அப்படி ஒரு அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை. குடித்துவிட்டு ரோட்டில் விழுந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சீட்டு எழுதிய நர்ஸ் அவரைப் பார்த்து, "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" என்று கேட்டார். படுத்திருப்பது நான், டிரிப்ஸ் ஏறுவது என் கையில், கேள்வி அவருக்கு. "நான் இல்லீங்க, இவங்கதான்" என்று அவர் சொன்னதும் நர்ஸ் பேனாவைச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கடித்த நாக்கோடு சிரித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் ஓர் இளம் பெண். விவரமாகக் கேட்டார். எப்போது கடைசியாகக் குடித்தது, எவ்வளவு, எத்தனை வருஷம். திங்கட்கிழமை காலை என்றேன். அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"குடிச்சதால வரல. நிறுத்தினதால வந்தது. தினமும் இவ்ளோ குடிச்ச உடம்பு, டாக்டரைப் பாக்காம டக்குனு நிறுத்தினா இப்படித்தான் ஆகும். உயிரே போயிருக்கும். இவங்க சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்காங்க."

என் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார். வந்து என் காலைப் பிடித்துவிட்டார். வெடிப்பில் விரல் பட்டு எரிந்தது, எடுக்கச் சொல்லவில்லை.

மனஉறுதி இருந்தால் போதும் என்கிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். என் வாழ்க்கையிலேயே அதிகமான மனஉறுதி எனக்கு இருந்தது அந்த இரண்டு நாளில்தான். அதுதான் என்னைக் கொல்லப் பார்த்தது. உள்ளே வைத்துப் பார்த்து, ஊசி போட்டு, மாத்திரையைக் கொடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் வாராவாரம் புதன்கிழமை வர வேண்டும் என்றார்கள். மாத்திரை, பேச்சு, எங்களைப் போன்றவர்களோடு ஒரு மணி நேரம் உட்காருவது. பெண்கள் நாங்கள் மூன்று பேர்தான். ஒருத்தி டீச்சர்.

வீட்டுக்கு வந்ததும் செய்தி காத்திருந்தது. உப்பு காட்டிக் கொடுத்துவிட்டது, இனி அவள் பாத்தியில் கால் வைக்கக் கூடாது என்று மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்ததை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அது இங்கிலீஷில் இருந்தது. மேஸ்திரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டாக்டருக்கு உப்பைப் பற்றி என்ன தெரியும் என்றாராம்.

எனக்கு வேறு வேலை கிடைக்காமல் இல்லை. சவுக்குத் தோப்பில் பட்டை உரிக்கப் போனேன். ஆனால் எனக்கு அந்தப் பாத்தி வேண்டும். நான் கற்ற வேலை அது. அதைவிட, சொல்லை மீறியவள் என்ற பேரோடு அந்த ரோட்டில் தினமும் போய் வர என்னால் முடியவில்லை. செய்த தப்புக்கு என்ன பேர் வைத்தாலும் தாங்குவேன். செய்யாததற்குத் தாங்க மாட்டேன். அடுத்த சீசனுக்குள் அந்த வரப்பில் நான் திரும்ப நிற்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

இதற்கு நடுவில் ஊரில் எல்லாரும் டாக்டரானார்கள். மாத்திரை சாப்பிடுவதும் ஒரு போதைதானே என்று ஒருவர். ஒரு ஊசி போட்டால் சுத்தமாக நின்றுவிடுமாமே என்று ஒருவர். கட்டிவைத்து நாலு போடு போடுகிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே சேர்த்திருக்க வேண்டும் என்று ஒருவர். எல்லாருக்கும் மேல் என் நாத்தனார். அனுமந்தையிலிருந்து வந்து பத்து நாள் தங்கி வடித்துக் கொட்டினாள். நல்லவள்தான். ஐந்தாம் நாள் ரசத்தின் அடியில் என்னவோ மண்ணாக நெருடியது. அடுக்களையில் தேடினால் மிளகு டப்பாவுக்குப் பின்னால் ஒரு பொட்டலம். குடிக்கிறவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள் என்று அதிலேயே அச்சடித்திருந்தது.

பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தேன். "உன் நல்லதுக்குத்தான் அண்ணி" என்றாள்.

"குடிச்சப்ப எனக்குத் தெரிஞ்சுதான் குடிச்சேன். நிறுத்துறதும் எனக்குத் தெரிஞ்சுதான் நிறுத்துவேன். எனக்குத் தெரியாம என் வாயில எதையும் போடாத" என்றேன்.

அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. புதன்கிழமை அந்தப் பொட்டலத்தை டாக்டரிடம் காட்டினேன். அதில் என்ன இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. இப்படித் தெரியாமல் மருந்து உள்ளே போய், அதற்குமேல் குடியும் போனால் உயிருக்கே ஆபத்தான மருந்துகள் உண்டு என்றார். இதை நாத்தனாரிடம் போனில் சொன்னேன். கோபத்தில் இல்லை, நிதானமாகத்தான். அவள் அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ரசம் வைப்பதில்லை.

மூடநம்பிக்கை அடுத்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் ஒன்று இருந்தது. ஐப்பசி மழையில் பாத்தியெல்லாம் மூழ்கிக் கிடந்தபோது, எனக்குக் குணமாகிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஆசை வரவில்லை, கை நடுங்கவில்லை, மாத்திரை எதற்கு? இரண்டு வாரம் போடவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. ஒரு மத்தியானம் வீட்டில் யாருமில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. காரணம் கேட்காதீர்கள், இருந்தால் சொல்லியிருப்பேன். குடித்தேன்.

மறுநாள் புதன்கிழமைகூட இல்லை. பஸ் ஏறிப் போய் டாக்டர் எதிரில் உட்கார்ந்து நேற்றுக் குடித்துவிட்டேன் என்றேன். துரத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பேப்பரை எடுத்து எத்தனை மணிக்கு, அதற்கு முன் சாப்பிட்டீர்களா, மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். திரும்பவும் மாத்திரையைத் தொடங்கினார். சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரை ஏறினால் வைத்தியம் தோற்றுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை, மருந்தைப் பார்த்து மாற்றுகிறார்கள். எனக்கும் அதையேதான் செய்தார். வீட்டில் சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். சொல்வது நல்லது என்றார், கட்டாயப்படுத்தவில்லை. நான் சொல்லவில்லை. நாள் போகப் போக அது இன்னும் கஷ்டமானது. என் வீட்டுக்காரர் அத்தனை சந்தோஷமாக இருந்தார்.

தை போய் மாசியில் பாத்திகளைச் சீர்செய்து வேலை தொடங்கியது. நான் சொல்லும் முன்னே அவரே, "வா, மேஸ்திரியப் பாக்கலாம். நான் பேசுறேன்" என்றார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். செட் முழுக்க வரப்பில் இருந்தது. அக்கா என்னைப் பார்த்து, வா என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

அவர் பேசினார். பஞ்சர் கடையில் ஒரு வாரத்துக்குப் பேசுகிற பேச்சை ஒரே மூச்சில் பேசினார். அன்றைக்கு வந்தது குடித்ததால் இல்லை என்று டாக்டரே சொன்னதைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒம்போது மாசமாச்சு மேஸ்திரி. இவ ஒரு சொட்டு தொடல. நான் ஜவாப்தாரி" என்றார்.

மேஸ்திரி கொஞ்சம் இறங்கி வந்தார். அவரும் கல்மனசுக்காரர் இல்லை. "சரிப்பா. பழசு போவட்டும். பாத்தியில எறங்கி, புதுசா ஒரு சத்தியம் பண்ணட்டும். இதுவரைக்கும் தொடல, இனிமேயும் தொட மாட்டேன்னு சொல்லட்டும். நாளைக்கே வேலைக்கு வரட்டும்" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எவ்வளவு சுலபம் பார்த்தாயா என்ற சிரிப்பு. புது உப்பு காலடியில் வெள்ளையாகக் கிடந்தது. குனிந்து ஒரு பிடி எடுத்தால் போதும். பேர் திரும்பி வந்துவிடும், வேலை வந்துவிடும், இந்த மனிதரின் சிரிப்பும் அப்படியே இருக்கும். எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் வந்த பாசத்தையும், எல்லார்மேலும் வந்த கோபத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"பண்ண மாட்டேன் மேஸ்திரி" என்றேன்.

ஏன் என்றார்.

"போன வருஷம் சத்தியம் பண்ணிட்டு ரெண்டு நாளும் நான் குடிக்கல. குடிச்சேன்னு சொல்லித் தொரத்துனீங்க. ஐப்பசியில ஒரு நாள் மெய்யாலுமே குடிச்சேன். உங்க ஒருத்தருக்கும் தெரியல. உங்க உப்புக்கும் தெரியல. நானேதான் போயி டாக்டருகிட்ட சொன்னேன். இப்ப நீங்க கேக்குற சத்தியத்தப் பண்ணா அது பொய் சத்தியம்."

 நான் என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மிச்சத்தைச் சொல்லியிருக்க மாட்டேன்.

"அப்ப நாளைக்கு நீ குடிக்க மாட்டேன்னு எவன் ஜவாப்தாரி?" என்றார் மேஸ்திரி.

"யாரும் இல்ல. புதன்கிழமை புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவேன். அன்னைக்கு வேலைக்கு வர மாட்டேன். இதுக்கு ஒத்துக்கிட்டா சேத்துக்கங்க. இல்லன்னா வுட்டுருங்க. சத்தியம் மட்டும் கேக்காதீங்க."

மேஸ்திரி பார்வையைப் பாத்திப் பக்கம் திருப்பினார். செட்டில் ஒருவர், போன வருஷம் செவ்வாய்க்கிழமையே கடைக்குப் போனவர்களில் ஒருவர், தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமலே, புதன்கிழமைக்குக் கூலி கிடையாது என்றார். நான் கேட்கவில்லையே என்றேன். அக்கா ஒரு கூடையை எடுத்து என் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

திரும்பும்போது என் வீட்டுக்காரர் ஈசிஆர் ரோடு வரும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார், ஸ்டார்ட் செய்யவில்லை. இஸ்திரி போட்ட சட்டை முதுகில் நனைந்திருந்தது. அத்தனை பேர் முன்னால் அவர் ஜவாப்தாரியாக நின்றதை நான் உடைத்துப் போட்டிருந்தேன். அது எனக்குத் தெரியும். அதற்காக வருத்தப்பட்டேன். சொன்னதற்காக வருத்தப்படவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"சொல்லியிருந்தா, சத்தியம் பண்ணுன்னு கேட்டிருப்ப."

 "ஆமா. கேட்டிருப்பேன்" என்றார். அப்புறம் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்துகொண்டே, புதன்கிழமை ஆஸ்பத்திரியில் கூட வருகிறவர்களையும் உள்ளே உட்கார விடுவார்களா என்று கேட்டார்.